விரல் வைக்கும் இடம்

வாயால் பேச முடியாதவர்களைப் படங்களைத் தொட்டுப் பேசப் பழக்கும் இந்த வேலைக்கு எண்பதுகளின் இறுதியில் நான் வந்தபோது படப்பலகை என்று கடையில் எதுவும் கிடைக்காது. பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் சிவகாசியில் அச்சான பள்ளிக்கூடச் சார்ட்டுகள் தொங்கும். பழங்கள், காய்கறிகள், வீட்டு விலங்குகள், வாகனங்கள், நற்பழக்கங்கள். அவற்றை வாங்கி வந்து கத்தரித்து, அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே செல்லோ டேப்பை வரிவரியாக இழுத்து மூடுவோம். லாமினேஷன் எல்லாம் பிறகு வந்தது. எச்சிலும் வியர்வையும் சாம்பாரும் பட்டு ஒரு பருவம் தாங்கினால் அது நல்ல பலகை.

பேச்சுப் பயிற்சி என்றால் வாயிலிருந்து சொல் வரவழைப்பது என்றுதான் அன்றைக்குப் பெற்றோர்கள் நினைத்தார்கள். பல டாக்டர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்கினால் பிள்ளை அப்புறம் பேசவே பேசாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தை இன்றும் புதிதாக வரும் ஒவ்வொரு அம்மாவின் முகத்திலும் பார்க்கிறேன். 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். படங்களாலும் சைகைகளாலும் பேசப் பழகியதால் யாருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. அந்தத் தாள் வருவதற்கு வெகு முன்னரே எங்கள் அறைகளில் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்ல வழி கிடைத்த பிள்ளைக்குச் சொல்லும் ஆசையும் வளர்ந்தது.

சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கி, பின்னாளில் வித்யாசாகர் என்று பெயர் மாறிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இந்தத் துறையில் பலருக்கும் வழிகாட்டி. அந்தக் காலத்தில் எங்கள் கைக்கு வந்த வெளிநாட்டு முறைகளில் ஒன்று பிளிஸ் குறியீடுகள். சார்லஸ் பிளிஸ் நாஜி முகாம்களில் அடைபட்டிருந்து, விடுபட்டு, ஷாங்காய் போய்ச் சேர்ந்தவர். அங்கே கண்ட சீன எழுத்துகளைப் பார்த்து, எந்த மொழிக்காரரும் படிக்கக்கூடிய ஓர் எழுத்தை உண்டாக்க வேண்டும் என்று உழைத்தார். அவர் மனதில் இருந்தது உலக சமாதானம். 1971-இல் டொரன்டோவில் சில ஆசிரியர்கள் அதை மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். அதில் உணர்ச்சிக்கு ஓர் இதயம் வரைவார்கள். பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு இருந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கி இருந்தால் துயரம். எங்கள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் பாட்டிகளுக்குத்தான் புரியவில்லை. பிள்ளையின் பேச்சு பாட்டிக்குப் புரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்பவும் சிவகாசிச் சார்ட்டுக்கும் கத்தரிக்கோலுக்குமே வந்தோம்.

அந்தச் சார்ட்டுகளில் ஒரு பெரிய குறை உண்டு. எல்லாமே பொருள்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்போம். அதில் ஒரு பையன். கைகால் நடுங்கும், கண் மட்டும் ஊசி. அவன் பலகையில் இட்லி, தண்ணீர், பாத்ரூம், பந்து, அம்மா என்று வரிசையாகப் படங்கள். ஒருநாள் பக்கத்தில் இருந்தவன் இவன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டான். இவன் பலகையை மேலும் கீழும் பார்த்தான், பிறகு முழங்கையால் கீழே தள்ளிவிட்டான். “பாருங்க மிஸ், அடம் புடிக்கிறான்” என்றார் ஆயாம்மா. வேறு அப்பளம் வைத்தோம். அதையும் தள்ளினான். அவனுக்கு அப்பளம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் திருடிவிட்டான் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே புதுப் படங்கள் வரைந்தோம். வேண்டாம். போதும். நிறுத்து. இப்ப என் முறை. அவன்தான் செஞ்சான். பொய். எனக்குக் கோபம். என்னை விடுங்க. இவற்றைப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் மேலே, கை முதலில் போகும் இடத்தில் ஒட்டினோம். அடுத்த சில வாரங்கள் அந்த வட்டம் சண்டைக்காடாக இருந்தது. இதுவரை சாதுவாக இருந்த பிள்ளைகள் புகார் சொல்கிறார்களே என்று சில ஆசிரியைகளுக்கு வருத்தம். பலகையில் அந்த வரிசை இருந்தே தீர வேண்டும் என்று நான் வாதாடினேன், இப்போதும் வாதாடுகிறேன். தேவைகளை மட்டும் கேட்க முடிகிற பலகை ஓட்டல் மெனு கார்டு மாதிரி. வாங்கிச் சாப்பிடலாம், உறவாட முடியாது. மறுக்கவும் சண்டை போடவும் கேலி செய்யவும் ஒரு பிள்ளைக்கு வழி இருந்தால்தான் மற்ற பிள்ளைகள் அவனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தன. அமெரிக்காவிலிருந்து போர்டுமேக்கர் என்ற மென்பொருள் வந்தது. ஆயிரக்கணக்கில் கோட்டுப் படங்கள், பெயரைத் தட்டினால் படம் வரும். எங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பாத்ரூம் படத்தில் வெஸ்டர்ன் கோப்பை இருக்கும். தரையோடு பதித்த பீங்கானை மட்டுமே கண்ட பிள்ளைக்கு அது என்ன என்று விளங்காது. குளிப்பதற்குத் தொட்டி, சாப்பாட்டுக்கு முள்கரண்டி. வாளியும் செம்பும் நாங்கள்தான் வரைந்து சேர்க்க வேண்டும். இதைவிட ஆழமான சிக்கல் கட்டங்களின் வரிசையில் இருந்தது. காது கேளாத மாணவர்களுக்காக எடித் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஆசிரியை 1926-இல் எழுதிய முறையை ஒட்டி, அந்தப் பலகைகளில் இடப்பக்கம் ஆட்கள், அடுத்து வினைகள், அதற்கடுத்துப் பொருள்கள் என்று நிறம் பிரித்து அடுக்கியிருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. நம் பிள்ளை வீட்டில் கேட்பது நான், தோசை, வேணும் என்ற வரிசை. வினைகளை எல்லாம் வலப்பக்க ஓரத்துக்குத் தள்ளிப் பலகையை மாற்றி அடுக்கியபோது விரல் தடுமாறாமல் போனதைப் பார்த்தோம். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பிள்ளையின் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள், பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.

பக்கவாதத்தால் பேச்சு இழந்த பெரியவர்களோடு வேலை செய்யத் தொடங்கியது பிறகு. வாரம் ஒருமுறை மருத்துவமனையின் பின்கட்டு அறை ஒன்றில் கூடுவோம். ஓய்வுபெற்ற கண்டக்டர், தையல்காரர், பள்ளி ஆசிரியை, மளிகைக்கடைக்காரர். இவர்களுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, சொல் மட்டும் வராது. சிலருக்கு ஒரே சொல் எல்லாவற்றுக்கும் வரும். குழந்தைகளுக்கான படங்களை இவர்கள் முன் வைத்தால் முகம் சுருங்கிவிடும், அது நியாயம்தான். எனவே அவரவர் வீட்டுப் புகைப்படங்களையும் தினசரி காலண்டரையும் ரேஷன் கார்டையும் பேங்க் பாஸ்புக்கையும் பஸ் டிக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னோம். அவையே எங்கள் படங்கள்.

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோன் மர்ஃபி உருவாக்கிய ஒரு முறை எங்களுக்குக் கைகொடுத்தது. ஒரு பாயை விரித்து மேலே மூன்று படங்கள் வைப்பது: ஒரு கோடியில் பிடித்திருக்கிறது, மறுகோடியில் பிடிக்கவில்லை, நடுவில் சொல்லத் தெரியவில்லை. பேசும் விஷயங்களை ஒவ்வொன்றாகப் படமாகக் கொடுக்க, அவர் எங்கே வேண்டுமோ அங்கே வைப்பார். கண்டக்டருக்கு மனைவிதான் வாய். “அவருக்கு எல்லாத்துலயும் சம்மதங்க, எதுவும் சொல்ல மாட்டாரு” என்று அந்த அம்மா எப்போதும் சொல்வார். ஒருநாள் பாயில் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தோம். அதைப் பிடிக்காத பக்கத்தில் வைத்தார். மனைவி அழ ஆரம்பித்துவிட்டார், மாப்பிள்ளை வீட்டை அவருக்குப் பிடிக்கவில்லை என்று.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் கட்டுப்பாடு. கல்யாணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். மாப்பிள்ளை படம், பிடித்த பக்கம். சம்பந்திகள், பிடித்த பக்கம். நகை, மண்டபம், கடன், சாப்பாடு என்று போய், மணமேடையில் தகப்பன் நின்று தாரை வார்க்கும் படத்தைக் கொடுத்ததும் அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, அந்தப் படத்தைப் பாயின் கடைசி ஓரத்துக்குத் தள்ளினார். அறையில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் புரிந்துவிட்டது. தையல்காரர் தன் செயலற்ற கையைத் தூக்கிக் காட்டினார். தம்பியை நிற்கச் சொல்லலாமா, இடது கையால் செய்யலாமா, மனைவி சேர்ந்து பிடித்துக்கொள்ளலாமா என்று படம் வரைந்து வரைந்து அந்தக் கூட்டமே யோசனை சொல்லியது. மனைவி சேர்ந்து பிடிப்பது என்று அவர் விரல் வைத்தார். கல்யாணமும் அப்படியே நடந்தது.

உணர்ச்சிகளைக் காட்டும் படங்களில் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். மஞ்சள் வட்டத்துக்குள் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நாலு முகம் எங்கும் கிடைக்கும். குழந்தைகள் பெரும்பாலும் சிரிப்பைத்தான் தொடுவார்கள், ஏனென்றால் டீச்சருக்குப் பிடித்தது அது. பெரியவர்கள் எதையும் தொட மாட்டார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் உண்டு என்று படித்திருக்கிறோம். பெருமிதமும், தன்னை இழிவாக உணரும் இளிவரலும் அந்த எட்டில் அடக்கம். இந்த இரண்டுக்கும் நான் பார்த்த எந்த அட்டைக் கட்டிலும் முகம் கிடையாது. முதுமையும் நோயும் இளிவரல் பிறக்கும் இடங்கள் என்று அந்த நூல் சொல்கிறது. பக்கவாதம் வந்தவர்களின் அறையில் தினமும் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஒரு படம் வரைய வைத்தோம்: நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நாற்காலியில் ஒருவர் தலை குனிந்திருக்கிறார், எல்லோரும் அவர் தலைக்கு மேலே பேசுகிறார்கள். அடுத்த வாரம் அந்த அட்டையை வைத்தபோது வட்டத்தில் ஏறக்குறைய எல்லோர் கையும் அதன் மேல் வந்தது. கூட வந்திருந்த மகன்களும் மருமகள்களும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு மருமகள், “இனிமே உங்களைக் கேக்காம எதுவும் செய்யல மாமா” என்றார். பெருமிதத்துக்கும் ஓர் அட்டை செய்தோம். அதைப் பள்ளி ஆசிரியை பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

முகத்தைவிட உடம்பு நன்றாகப் பேசும் என்பதையும் அங்கேதான் கண்டோம். தரையில் சாக்பீஸால் ஒரு ஆளின் வடிவத்தை வரைந்து கைநிறையப் புளியங்கொட்டை கொடுத்தால், என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டபோது விழித்தவர்கள் நெஞ்சில் நாலு, வயிற்றில் ஏழெட்டு என்று வைப்பார்கள். யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரும் அதே இடத்தில் வைத்தால் இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனவர்களில் நானும் உண்டு. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர். தற்காலிகக் குடியிருப்புகளில் எங்கு பார்த்தாலும் கிரேயான் பெட்டிகள். வந்த ஒவ்வொரு அமைப்பும் பிள்ளைகளைக் கூட்டி அலையை வரையச் சொல்லியது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். கேட்பதற்கு முன்பே நீல வண்ணத்தை எடுப்பார்கள். வரைந்த தாள்களை வெளியூர்க்காரர்கள் கண்காட்சிக்கு என்று எடுத்துப் போனார்கள். எனக்கு இதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு. ஒரு பிள்ளை தன் பயத்தைத் தாளில் வைத்தால் அந்தத் தாள் பிள்ளையுடையது. கிழிக்கலாம், கடலில் விடலாம், பாயின் கீழே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் போன இடங்களில் எதை வரைய வேண்டும் என்று சொல்வதை நிறுத்தினோம், தாளை வாங்கிக்கொள்வதையும் நிறுத்தினோம். அப்போது சைக்கிள் வந்தது, செத்துப்போன ஆட்டுக்குட்டி வந்தது, தம்பி வந்தான். சில நாள் அலையும் வந்தது.

ஆண்கள் தாளைத் தொடவே இல்லை. அவர்களுக்கு மணல் இருந்தது. கிராமத்து மக்களே தங்கள் ஊரைத் தரையில் வரைந்து திட்டமிடும் முறையைத் தொண்ணூறுகளிலேயே தொண்டு நிறுவனத்தார் நம் ஊர்களில் செய்துவந்தார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் எழுதிய புத்தகங்களால் அது உலகெங்கும் பரவியிருந்தது. அதையே எடுத்துக்கொண்டோம். குச்சியால் கரை கிழித்து, கோலப்பொடியால் தெரு போட்டு, கிளிஞ்சல்களை வீடுகளாக வைத்து, இருந்த ஊரை வரைந்தார்கள். யார் வீடு எங்கே, எந்தப் படகு எந்த முளையில் கட்டியிருந்தது என்று தகராறு செய்துகொண்டே வரைவார்கள். அப்படி வரையும்போதுதான் ஒருவர், “இங்கதான் எம் பொண்ணு கையை விட்டேன்” என்று மணலைப் பார்த்தபடி சொன்னார். எதிரே முகத்தை வைத்துக் கேட்டிருந்தால் அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். படம் கண்ணுக்கு ஒரு இடம் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பதால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் காது கேளாத ஒரு பெண் நின்றிருந்தார், மீன் விற்பவர். சைகை மொழி படிக்க வாய்ப்பில்லாதவர். நிவாரணக் கூட்டம் எதிலும் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. புதுக் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் வரைந்துகொண்டிருந்தபோது அவர் நேராக நடந்து வந்து, குடிதண்ணீர்க் குழாயாக வைத்திருந்த கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். ஒரு பெண் திரும்பப் பழைய இடத்தில் வைக்க, இவர் மறுபடி மாற்றினார், கழிப்பறையாக வைத்திருந்த கிளிஞ்சலையும் குழாயையும் மாறிமாறித் தொட்டு மூக்கைப் பொத்திக் காட்டினார். அவர் சொன்னது சரி. இரண்டும் அருகருகே இருந்தன. ஒரு கிழவி, “அவ சொல்றதைக் கேளுங்கடி” என்றார். அடுத்த கூட்டங்களில் அவரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்கள்.

பள்ளிகளில் நான் கண்ட மாற்றம் மெதுவாக வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்காக அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் வரிசையாக மாட்டச் சொல்லியிருந்தோம்: வாசிப்பு, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. முடிந்ததை எடுத்துப் பையில் போட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போனால், அந்தப் படங்களின் முன் முதலில் நிற்பது ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தமிழ் தெரியாமல் நாள் முழுக்க மிரண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது. ஒரு பிள்ளைக்காக மாட்டியது வகுப்புக்கே ஆயிற்று. சிறுவனுக்கும் அதுதான் நல்லது. தனக்கு மட்டும் தனிப் படம் இருந்தவரை அவன் தனியாள்.

அதே வகுப்பில் கதவோரம் மனநிலை அட்டைகளை மாட்டி, காலையில் வந்ததும் அவரவர் பெயர் எழுதிய துணி கிளிப்பை ஏதாவது ஒன்றில் மாட்டச் சொன்னார் ஆசிரியை. தன் கிளிப்பையும் மாட்டினார். டீச்சர் கிளிப் தலைவலியில் இருந்தால் பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். பெரியவர்கள் விரல் வைக்காத பலகையில் பிள்ளைகளும் வைக்க மாட்டார்கள் என்று பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பேசத் தெரிந்தவர்கள் வாயால் பேசிவிட்டு, பேசாதவனை மட்டும் படம் காட்டச் சொன்னால் அது பரீட்சை. கதவோர அட்டையால் ஒரு தொல்லையும் வந்தது. பயம் என்ற அட்டையில் மாட்டிய ஒரு பெண் பிள்ளையை மற்றவர்கள் விடாமல் கேட்டுத் துளைத்தார்கள். அதன் பிறகு எல்லோர் மேசைக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வைத்தோம். டீச்சரிடம் மட்டும் காட்ட.

டேப்லெட் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றபோது, சென்னையில் அஜித் நாராயணன் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். அது பிறகு செயலியாயிற்று. படத்தைத் தொட்டால் குரல் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கும் அம்மாவைக் கூப்பிட முடிந்த பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்த டேப்லெட்டுகளையும் நிறையப் பார்த்தேன். எனவே கருவி வாங்கும் குடும்பத்துக்கும் ஒரு காகிதப் பலகை செய்து கொடுத்துவிடுவேன். இப்போது ஸ்பெயினின் அரகான் அரசு நடத்தும் அராசாக் என்ற தளத்தில் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொரோனா வார்டில் வாயில் குழாயோடு கிடந்தவர்களுக்காக ஒரே இரவில் அட்டைகள் தயாரித்து அனுப்ப முடிந்தது அப்படித்தான். மூச்சு, வலி, தாகம், பயம் என்று தொடங்கி, வீட்டாருக்கு போன் போடுங்க என்று முடியும் அட்டை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்று வழித் தொடர்புகளையும் தகவல் தொடர்பு என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. சட்டத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நான் பையிலேயே வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம்களில் பிள்ளை பலகையோடு உட்கார்ந்திருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தாயிடமே எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அந்த நேரம் அதை எடுத்து நீட்டுவேன். பாதிப் பேர் படித்துவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்புகிறார்கள்.

இப்போது நன்கொடையாளர்கள் பளபளப்பாக அச்சிட்ட பலகைகளைக் கட்டுக்கட்டாகத் தருகிறார்கள். வாங்கிக்கொள்கிறோம், ஒரே ஒரு நிபந்தனையோடு: கடைசி வரிசையில் நாலு கட்டம் காலியாக இருக்க வேண்டும். அவற்றில் என்ன வர வேண்டும் என்பதைப் பலகையைப் பயன்படுத்தும் கூட்டத்தார்தான் முடிவு செய்வார்கள். போன வருடம் வாலிபர்களின் குழு ஒன்று நிரப்பிய நாலு கட்டங்களில் ஒன்று ஒரு நடிகரின் படம், ஒன்று பிரியாணி, ஒன்று தனியா விடுங்க, இன்னொன்று நல்ல கெட்ட வார்த்தை. பெற்றோர் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. உங்கள் மூத்த பையன் நண்பர்களோடு இருக்கும்போது இதைச் சொல்வதில்லையா என்று கேட்டேன். ஒரு அப்பா, “சொல்றான்தான்” என்றார். கட்டம் அப்படியே இருக்கிறது. தாய்மார்கள் இருக்கும் நேரத்தில் பையன்கள் அதன் மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறார்கள், அதையும் அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.